ராஜாம்பாள் நாக்கில் வைத்த பொடி

“தின்னுட்டுப் போறவன் ஒருத்தனாச்சும் எலைய எடுக்குறானா பாரு. இவனுங்க அப்பன் வூட்டு வேலைக்காரி நானு.”

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பீங்கான் பேட்டைக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் ராஜாம்பாள், அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் வரை தினமும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவளிடம் திட்டு வாங்காமல் தின்றால் இட்லி தொண்டையில் இறங்காது என்று சொல்லி வருகிற லோடுமேன்களும் உண்டு. கம்பெனிக்காரன், ஆட்டோக்காரன், ஸ்கூலுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற தாய் என்று பேட்டை ரோட்டில் போகிற பாதிப் பேருக்குக் காலை வயிறு அவள் கையால்தான் நிறைந்தது.

கடை போடுவதற்கு முன்னால் அவள் பேட்டைக்குள் கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் கிளேஸ் கலக்கும் வேலை பார்த்தாள். பீங்கான் மேல் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அதுதான் கிளேஸ். லாரியில் பொடி மூட்டை வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்ப்பார்கள். அப்புறம் நாக்கு நுனியில் வைப்பார்கள். நறநறத்தால் அரைத்தது போதாது. நாக்கைப் பிடித்து இழுத்தால் அதில் களிமண் சேர்ந்திருக்கிறது. அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம். கம்பெனி மூடிவிட்டது, பழக்கம் போகவில்லை. கடையில் வாங்குகிற சோடா மாவு, கோலப்பொடி, எதுவானாலும் விரலும் நாக்கும் முந்திக்கொள்ளும். ஒருமுறை பிளீச்சிங் பவுடரை வைத்து நாக்கு வெந்துபோனது.

“ஒரு நாளு எலி மருந்த நக்கிட்டுத்தான் சாவப் போற,” என்பார் புருஷன் சக்கரபாணி. அவர் அதே கம்பெனியில் சூளை அடுக்கியவர். இப்போது மாவு ஆட்டுவதும் தண்ணீர் தூக்குவதும் அவர் வேலை.

“செத்தா சாம்பாருக்கு உப்பு பாக்க வேற ஆளு தேடிக்கோ,” என்பாள் இவள்.

நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் எல்லோர் போனிலும் ஒரு செய்தி வந்தது. கடலோரத்தில் இருக்கிற அணுமின் நிலையத்துக் கழிவைக் கொண்டுவந்து, விருத்தாசலத்தைச் சுற்றிக் களிமண் வெட்டி விட்டுப்போன பழைய குழிகளில் புதைக்கப் போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும்தான் சொல்றாங்க என்றார்கள். புற்றுநோய் வரும், பிள்ளை ஊனமாகப் பிறக்கும், ஆடு மாடு மயிரை உதிர்த்துவிட்டு நிற்கும் என்று படம் படமாக வந்தது. ராஜாம்பாளும் பயந்தாள். கடைக்கு வருகிற போர்வெல் தண்ணீர் அப்படி ஒரு குழிக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அந்தத் தண்ணீரில் வேகிற இட்லியைத்தான் ஊரே தின்கிறது.

மக்கள் பயத்தைப் போக்குகிறோம் என்று நிலையத்துக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மணமேடையில் திரை கட்டி, நீலச் சட்டை போட்ட ஒரு அதிகாரி படம் காட்டினார். படம் முழுக்க இங்கிலீஷ். ராஜாம்பாள் கடையைச் சாத்திவிட்டுச் சக்கரபாணியோடு போயிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“சார், எனக்குப் படம்லாம் வேணாம். அந்தக் குழியில எதனாச்சும் கொட்டப் போறீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“அம்மா, அப்படி ஒரு திட்டம் தற்போதைக்கு எதுவும் இல்லை.”

“தற்போதைக்குன்னா? தீவாளி வரைக்குமா, பொங்கலு வரைக்குமா?”

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. “அதெல்லாம் மேலிடம் முடிவு பண்ண வேண்டியது. எது செஞ்சாலும் உலகத் தரத்துல பாதுகாப்பாத்தான் செய்வோம்.”

“அப்ப செய்யப் போறீங்க,” என்றாள் ராஜாம்பாள்.

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து திரையைக் கிழித்தது. அடுத்தது அதிகாரியின் தோளில் விழுந்தது. வாசலில் நின்ற போலீஸ் உள்ளே புகுந்தது. கிழவன், பொம்பளை, கைப்பிள்ளைக்காரி என்று பார்க்காமல் கம்பு இறங்கியது. பந்தியில் இலை போடுகிற மேசைக்கு அடியில் பெண்கள் நுழைந்து படுத்தார்கள். ராஜாம்பாளின் தலைக்கு வந்த அடியைச் சக்கரபாணி கை நீட்டி வாங்கினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது, காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. பக்கத்தில் பிரபாகரன் மண்டை பிளந்து உட்கார்ந்திருந்தான். பேட்டை முனையில் செல்போன் கடை வைத்திருப்பவன், தினமும் அவள் கடையில் தின்கிறவன். ரத்தம் காதோரம் வழிந்து சட்டைப் பைக்குள் இறங்கியது.

“யக்கா, பாத்தியா. கேள்வி கேட்டதுக்கு அடிக்கிறானுங்க,” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

கட்டுப் போட்ட கையோடு சக்கரபாணியும் தையல் போட்ட தலையோடு பிரபாகரனும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்த லாரி வந்தது.

ஓட்டி வந்தவன் ஆனந்தராஜ், வேப்பூர்க்காரன். பீங்கான் கம்பெனிகளுக்குப் பொடி ஏற்றி வருகிறவன். மூட்டை ஒன்று வழியில் கிழிந்துவிட்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கிழிந்த வாயை மடக்கிக் கட்டியதில் தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. மூக்கில் மாஸ்க், கையில் உறை. அப்படியே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து இட்லி கேட்டான்.

பிரபாகரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “எங்கேர்ந்துடா வர்ற?”

“கடலோரத்துலேர்ந்துண்ணே.”

“என்னா லோடு?”

“பவுடருண்ணே. அங்க கடற்கரை மண்ணுலேர்ந்து எடுக்குறாங்கல்ல, அது.”

“அதுக்கு எதுக்குடா மாஸ்க்கு, கையொற?”

“மூட்ட கிழிஞ்சிடுச்சிண்ணே. தும்மலா வருது.”

பிரபாகரன் எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தான். மாஸ்க் தெறித்துச் சட்னி வாளியில் விழுந்தது.

ஒரு கடையில் இருந்த கூட்டம் ஒரு தெருக் கூட்டமாக எப்படி ஆனது என்று கேட்காதீர்கள். பிரபாகரன் போனைத் தூக்கி, “அணுக் கழிவு வந்துடுச்சு, பேட்டைக்கு வாங்க,” என்று பேசினான். ஆட்டோக்கள் நின்றன. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். ஆனந்தராஜை முடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தார்கள். பேட்டை வாசலில் தேறாத இன்சுலேட்டர்களை உடைத்துக் கொட்டியிருப்பார்கள். உடைந்த பீங்கான் கத்தியைவிட மோசம். ஆளுக்கொன்றை எடுத்தார்கள். முதல் வீச்சில் அவன் காது தொங்கியது. இரண்டாவது கண்ணில் இறங்கியது. “கம்பெனி லோடுண்ணே, கம்பெனி லோடுண்ணே,” என்று அவன் கத்தியது, வாயில் உதை விழுந்ததும் வெறும் சத்தமாகிவிட்டது. லாரி டேங்கில் யாரோ குழாய் விட்டு டீசல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜாம்பாள் அடுப்படியில் நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு நொடி அது கழிவுதான் என்று பட்டது. புருஷன் கைக்கட்டைப் பார்த்தாள், நன்றாக வாங்கட்டும் என்றுகூட மனசு சொன்னது. அப்புறம் தார்ப்பாயிலிருந்து கொட்டிய வெள்ளைப் பொடி அவள் வாசல் வரை காற்றில் வந்து படிந்தது. அதன் மினுமினுப்பு அவளுக்குத் தெரிந்த மினுமினுப்பு. கையிலிருந்த சாம்பார்க் கரண்டியோடு கூட்டத்துக்குள் போனாள். வழி விடாதவன் முதுகில் சூடு வைத்துக்கொண்டே போனாள். பிரபாகரன் பீங்கான் துண்டை ஓங்கியபோது மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டாள்.

“யக்கா, ஒதுங்கு. ஒன் வூட்டுக்காரரு கைய ஒடைச்சவனுங்க லோடு இது.”

“கைய ஒடைச்சது போலீசுடா. இவன் எந்த ஊரு போலீசு? குழியில கொட்டக் கூடாதுங்கறதுல நானும் ஒங்க கூடத்தான். அதுக்கு இட்லி திங்க வந்தவன் கண்ணப் புடுங்குவியா?”

“அப்ப இது என்னா? தெரிஞ்சா சொல்லு.”

அவள் யோசிக்கவில்லை. தைரியசாலி வேஷம் கட்டவும் இல்லை. சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரி, கிழிந்த மூட்டையில் ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலில் தேய்த்தாள். நாக்கு நுனியில் வைத்தாள்.

“ஜிர்கானுடா. கிளேசுல கலக்குறது. நல்லா நைசா அரைச்சிருக்கான். இருவது வருசம் இந்தக் கையால அள்ளிக் கலக்கியிருக்கேன். ஒங்க வூட்டு வாஷ்பேசினு வெள்ளையா இருக்குதே, இதப் போட்டுத்தான்.”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. நம்பிவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அமீனுதீனும், ஒற்றைக் கையோடு சக்கரபாணியும் சேர்ந்து ஆனந்தராஜைத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். அவன் பிழைத்தது அந்த இடைவெளியில்தான். கண் ஒன்று போனது போனதுதான்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய், நாக்குல வச்சிடுச்சிடா.”

அவளைச் சுற்றி வட்டம் பெரிதானது. பெஞ்சில் பாதி இட்லியோடு நின்றவன் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தான். வாய் கொப்பளிக்கப் போனவர்கள், அது அவள் கடைத் தண்ணீர் என்று நினைவு வந்து கீழே ஊற்றினார்கள். லாரிக்கு நெருப்பு வைத்தார்கள். டயர் வெடித்தபோது எல்லோரும் சிதறி ஓடினார்கள். அவள் மட்டும் புகையில் நின்றாள்.

சாயங்காலத்துக்குள் யாரோ போனில் எடுத்த படம் ஊர் ஊராகப் போய்விட்டது. அணுக் கழிவைத் தின்ற பெண் என்று தலைப்பு. வேப்பூர் பக்கத்து மங்களூரிலிருந்து சொந்தக்காரி ஒருத்தி போன் போட்டு, “ஒடம்பு ராத்திரில மின்னுதாமே, நெசமா?” என்று கேட்டாள். “மின்னுது, கரண்டு பில்லு மிச்சம்,” என்று வைத்துவிட்டாள் ராஜாம்பாள்.

மறுநாள் வழக்கம்போல இட்லி ஈடு போட்டாள். ஒருத்தர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கம்மா என்றார். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள். தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் விலகின. வருஷக்கணக்காய் அவள் கடையில் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போன ஒரு தாய், அந்தப் பிள்ளை இவளைப் பார்த்துக் கை ஆட்டியதற்காக அதன் முதுகில் ஓங்கி அறைந்தாள். ராஜாம்பாள் குறுக்கே போனாள்.

“என்னாத்துக்குடி புள்ளைய அடிக்கிற?”

“கிட்ட வராத,” என்று அந்தத் தாய் கீழே கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்து வீசினாள். நெற்றியில் பட்டுக் கிழித்தது. வீசியவள் இவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கடையை உடைத்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கிரைண்டர் கவிழ்ந்து கல் இரண்டாகக் கிடந்தது. மாவைச் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள். இட்லிக் குண்டானைக் கல்லால் அடித்துத் தட்டையாக்கி, நடு ரோட்டில் போட்டிருந்தார்கள். அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டின் நடுவில் நின்று, பேட்டை முழுக்கக் கேட்க வைதாள். இவ்வளவு நாள் தின்ற ஒவ்வொருவன் பேரையும் சொல்லி வைதாள். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. சக்கரபாணி முறியாத கையால் அவள் முடியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார். வாழ்க்கையில் அவர் அவள் மேல் கை வைத்தது அன்றைக்குத்தான். அவளும் விடவில்லை, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக் கடித்தாள். இரண்டு பேரும் உடைந்த கடைக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு மூலையில் மூச்சு வாங்கினார்கள்.

லாரி எரிந்த விஷயம் பெரிதாகிப் பிரபாகரனைப் பிடித்துப் போனார்கள், ஜாமீனில் வந்தான். நிலையத்திலிருந்து மறுபடி ஆட்கள் வந்தார்கள். இந்த முறை வந்தது அம்புஜவல்லி என்ற அதிகாரி. கதிர்வீச்சை அளக்கிற வேலை பார்க்கிறவள். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி, பின்னால் ஒரு வேன் போலீஸ். எரிந்த லாரியையும் சிந்திய பொடியையும் அளந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்று பார்த்தது.

ராஜாம்பாள் கடைக்குள்ளிருந்து வந்தாள். “யம்மா, அத என் மேல வச்சிப் பாரு. இவனுங்க முன்னாலயே வச்சிப் பாரு.”

“வேணாம்மா. உங்களுக்கு ஒன்னும் இல்ல. அது சாதாரணப் பொடிதான், நான் சொல்றேன்.”

“நீ சொன்னா எவன் நம்புறான். வையி.”

அம்புஜவல்லி வைத்தாள். கருவி டிக் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டிக்.

“இந்தச் சத்தம் எங்க வச்சாலும் வரும்,” என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “மண்ணுல, கருங்கல்லுல, நம்ம எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்குது. இவங்ககிட்ட இருக்கறது அதே அளவுதான். வாங்க, உங்க மேலயும் வச்சிக் காட்டுறேன்.”

கருவியை நீட்டிக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டியதுதான் தப்பு. டிக் டிக் என்று சத்தம் போடுகிற ஒன்று தன்னை நோக்கி வந்தால் யார் நிற்பார்கள். முதல் வரிசை பின்னால் சாய்ந்தது, பின்வரிசை கல்லை எடுத்தது. ஒன்று அம்புஜவல்லியின் புருவத்தைப் பிளந்தது. கருவி விழுந்து யார் காலடியிலோ நொறுங்கியது. போலீஸ் கம்பு மறுபடி இறங்கியது, மறுபடி மண்டைகள், மறுபடி ரத்தம். பிரபாகரன் இந்த முறை கல் எடுக்கவில்லை. ஆனாலும் அவனைத்தான் முதலில் அடித்தார்கள். பழைய தையல் பிரிந்துபோனது.

ராஜாம்பாள் அந்த அதிகாரியை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். முந்தானையைப் புருவத்தில் வைத்து அழுத்தினாள். வெளியே கதவில் கல் விழுந்துகொண்டிருந்தது.

“பொடியில ஒன்னுமில்லன்னு எனக்கே தெரியும். அந்தக் குழியில கொட்ட மாட்டோம்னு சொல்லு. அதச் சொல்லிட்டுப் போ.”

“அது எனக்குத் தெரியாதும்மா. எங்கிட்ட யாரும் சொல்லல. தெரியாததச் சொல்ல மாட்டேன்.”

“இத அன்னிக்கே மண்டபத்துல அந்தாளு சொல்லியிருந்தா பாதிப் பேரு கல்லத் தொட்டிருக்க மாட்டான். தெரியாதுங்கறதுக்கு என்னா கேடு வந்துது ஒங்க ஆளுங்களுக்கு.”

“ஆமாம்மா,” என்றாள் அவள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

ராஜாம்பாள் டம்ளரைக் கொடுத்தாள். சத்தம் அடங்கியதும் அம்புஜவல்லி கதவைத் திறந்து, வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க அதைக் குடித்தாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. அது அவங்க ஆளு, சம்பளம் வாங்குது, குடிக்கத்தான் குடிக்கும் என்றார்கள்.

அமீனுதீன் பெண்சாதி ஜைத்தூன் பீவி வந்தாள். கிரைண்டருக்குத் தன் வீட்டுக் கல்லைக் கொடுத்து, அடுப்பு பற்றவைக்க வைத்து, முதல் ஈட்டை உட்கார்ந்து தின்றாள். “உப்பு கொறச்சலுடி. பயத்துல போட மறந்துட்டியா?” என்றாள். ராஜாம்பாள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதற்கும் ஊர் ஒன்று சொன்னது. அவங்க கடைக்காரங்க, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுக்க மாட்டாங்க. ஆனந்தராஜ் ஒற்றைக் கண்ணோடு வேப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்து தின்றுவிட்டு, “போயிட்டு வரேங்க்கா,” என்று போனான். அவன் லாரிக்காரன்தானே என்றார்கள். தின்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறார்கள். பிரபாகரன் தினமும் எதிரே வந்து நிற்கிறான். ரோட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறான். அவன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

குழி விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. கலெக்டர் மனு வாங்குகிற ஒவ்வொரு நாளும் ராஜாம்பாள் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருகிறாள். ஊருக்காகக் கேட்கிறாள். அந்த ஊர்தான் அவள் கையால் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறது. வாடகை கேட்டு இடத்துக்காரர் வர ஆரம்பித்துவிட்டார். இப்படியே போனால் பொங்கலுக்குள் கடையைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சக்கரபாணி சொல்கிறார்.

அதனால் விருத்தாசலம் பக்கம் வருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பீங்கான் பேட்டை என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுவிடுவார். எதிர்ச் சாரியில் தகரக் கதவு நசுங்கிய கடை. ஆறுதல் சொல்ல வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது, உங்களையும் வைவாள். பார்சல் வாங்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். நீங்கள் எந்தக் கட்சியும் இல்லை, எந்தக் கம்பெனியும் இல்லை, யாருக்கும் சொந்தமும் இல்லை. உங்களைக் கழிக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்காது. வெளியே கிடக்கிற பெஞ்சில், ரோட்டைப் பார்க்க உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நிதானமாகச் சாப்பிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.